துருவக் கடலும் ஹரோத் தமிழரும்

2021 மே மாதம் கொழும்புக்கு அண்மையில் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கடலில் மூழ்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணிகளை ஏற்றிவந்த கப்பல் அது. கரையோர மீனவரின் பிழைப்பு முடங்கியது. நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2025 ஜூலையிலேயே.

துறைமுகத்தின் வாசலிலேயே இந்நிலை என்றால், பனி உருகிக் கப்பற் பாதையாக மாறிவரும் வடதுருவக் கடலின் கதி என்ன? கப்பல்கள் எரிக்கும் தடித்த கறுப்பு எண்ணெய், குளிர்நீரில் மிக மெதுவாகவே சிதையும். பனிக்கட்டிகளிடையே சிக்கினால் அள்ளி எடுப்பதும் அரிது. கடலை நம்பி வாழும் இனுயிட் மக்களே முதலில் பாதிக்கப்படுவர்.

இதற்கான விதிகளை வகுக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலைமையகம் இலண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது. தென்துருவக் கடலில் இவ்வெண்ணெய் 2011 இலேயே தடைசெய்யப்பட்டது. வடதுருவத்தில் 2024 ஜூலையில் தடை நடைமுறைக்கு வந்தபோதிலும், பல கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு உண்டு. ஆபத்தை அறிந்தும் வழங்கப்பட்ட விலக்கு இது.

எனினும், தனியரசற்ற இனுயிட் மக்களின் பேரவை 2021 இல் அவ்வமைப்பில் தற்காலிக ஆலோசனைத் தகுதியை வென்றெடுத்தது. இது தமிழ் இளையோர் கருத்திற்கொள்ள வேண்டிய பாடமாகும்.

பிரித்தானியாவும் அங்கே உறுப்பு நாடு. விலக்கு 2029 இற்குப் பின் நீடிக்கப்படலாகாது என ஹரோ இளையோர் தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம், பெற்றோர் துணைநிற்கலாம். வெள்ளம் வருமுன்னரே அணை கட்டப்படல் வேண்டும்.