திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்!

கடல் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை?

குழந்தைகளுக்கு அலை வேண்டும். பாட்டிக்கு ராமநாதசுவாமி தரிசனம் வேண்டும். அப்பாவுக்குத் தனுஷ்கோடியைப் பார்க்க வேண்டும். மதுரையில் ஒரு குடும்பம் வேன் பேசிவிட்டது. அதிகாலையில் புறப்பட்டு, இரவே வீடு திரும்பத் திட்டம்.

நல்ல திட்டம்தான். ஆனால், "எத்தனை மணிக்குப் புறப்படுவது?" என்று பத்து தடவை கேட்கிறவர்கள், "எத்தனை மணிக்குத் திரும்புவது?" என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

கணக்குப் போடுங்கள்

மதுரையில் இருந்து ராமேசுவரம் சுமார் 170 கிலோ மீட்டர். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் தாண்டி, பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டும். அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு இன்னும் 20 கிலோ மீட்டர். போகவும் வரவும் 380 கிலோ மீட்டர்! காபிக்கும் பலகாரத்துக்கும் நிறுத்துவதைச் சேர்த்தால், எட்டு, ஒன்பது மணி நேரம் சாலையிலேயே போய்விடும்.

அந்த நேரம் முழுவதும் வண்டியில் எல்லோரும் தூங்கலாம். ஒருவர் மட்டும் தூங்கக்கூடாது. அவர்தான் வண்டி ஓட்டுபவர். அவர் கண் ஒரு நொடி அயர்ந்தால் என்ன ஆகும்?

ஆகவே, காலை 4 மணிக்குப் புறப்படுவதானால், முதல் நாள் இரவு 8 மணிக்கே அவர் படுத்துவிட வேண்டும். வாடகை வண்டியா? "ராத்திரி தூங்கினீர்களா, அண்ணே?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

எல்லாம் ஒரே நாளிலா?

22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். அப்துல் கலாம் நினைவிடம் பார்க்க வேண்டும். வரும் வழியில் உத்தரகோசமங்கை! இப்படிப் பட்டியல் நீண்டால், கடைசியில் குறைவது ஓட்டுபவரின் ஓய்வுதான். தனுஷ்கோடியும் கோவிலும் போதும் என்பதே என் கருத்து.

முதலில் தனுஷ்கோடி போங்கள். அரிச்சல்முனை வரை 2017-ம் ஆண்டு முதல் நல்ல சாலை இருக்கிறது. ஆனால் ஒதுங்க நிழல் கிடையாது. வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். குடையும் தண்ணீரும் அவசியம்.

அங்கே ஒரு பக்கம் அமைதியான "பெண் கடல்". மறு பக்கம் சீறும் "ஆண் கடல்". முனையில் குளிக்க இறங்காதீர்கள். 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு, ஓர் ஊரையும் பயணிகளோடு வந்த ரெயிலையும் விழுங்கிய கடல் அது! இடிந்து நிற்கும் தேவாலயத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பிறகு, மதியம் நடை சாத்துவதற்குள் கோவில். அடுத்து சாப்பாடு.

ஒரு மணி நேரத் தூக்கம்

சாப்பிட்டதும் கடைவீதிக்குப் போகிறவர்கள் போகட்டும். ஓட்டுபவர் நிழலில் ஒரு மணி நேரம் தூங்கட்டும். சன்னலைத் திறந்தாலும், பாட்டைச் சத்தமாக வைத்தாலும் தூக்கம் போகாது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்!

மாலை 3 மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட தூரத்தைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்று குழந்தைகள் அழுவார்கள். அழட்டும். கடல் எங்கும் போய்விடாது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரும்.

புறப்பட்ட அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்தால்தான் அது இன்பப் பயணம்!