நாபோத்தின் தோட்டமும் காங்கோவின் கனிமங்களும்



ஆகாபு அரசனுக்கு அரண்மனை இருந்தது. ஆனாலும் பக்கத்திலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மீது அவன் கண் வைத்தான் (1 அரசர்கள் 21). மூதாதையரின் சொத்தைத் தர மறுத்த நாபோத்து, பொய்ச் சாட்சியால் கல்லெறிந்து கொல்லப்பட்டார். காங்கோ சனநாயகக் குடியரசின் இன்றைய நிலை இந்நிகழ்வையே நினைவூட்டுகிறது.

அந்நாட்டின் வட கிவு மாநிலத்தில் ருபாயா என்னும் ஊர் உள்ளது. கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் தேவையான டான்டலம் என்ற உலோகம் கோல்டான் தாதுவிலிருந்து கிடைக்கிறது. உலகக் கோல்டானில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை இவ்வூர் ஏழைகள் மண்வெட்டிகொண்டு தோண்டி எடுக்கின்றனர். 2024 ஏப்ரலில் எம்23 கிளர்ச்சிப் படை ருபாயாவைக் கைப்பற்றியது. அப்படை மாதந்தோறும் சுமார் 8 இலட்சம் டாலர் வரி வசூலித்ததாகவும், தாது ருவாண்டாவுக்குக் கடத்தப்பட்டதாகவும் ஐ.நா. வல்லுநர் குழு அவ்வாண்டு இறுதியில் அறிவித்தது. ருவாண்டா அரசு இதை மறுக்கிறது.

வல்லரசுகளின் கண்ணும் இம்மண்ணின்மீதே உள்ளது. உலகக் கோபால்ட் உற்பத்தியில் சுமார் 70 விழுக்காடு காங்கோவினுடையது. அங்குள்ள பெரிய சுரங்கங்கள் பல சீன நிறுவனங்களின் கையில் உள்ளன. 2025 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் காங்கோ, ருவாண்டா அதிபர்கள் அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அன்றே இரு நாடுகளோடும் அமெரிக்கா கனிம ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. ஒரு வாரத்திற்குள் எம்23 படை உவிரா நகருக்குள் நுழைந்தது. தோட்டத்திற்கு விலை பேசப்படுகிறது. நாபோத்துக்கோ அந்த மேசையில் இடமில்லை.

அந்த மக்களுக்காகத் திரு அவை குரல் கொடுத்துவருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2023இல் கின்ஷாசாவில், ஆப்பிரிக்காவைச் சுரண்டுவதை நிறுத்துங்கள் என்று உலகை நோக்கி முழங்கினார். காங்கோ ஆயர்கள் 2025 பிப்ரவரியில், பிற கிறிஸ்தவ சபையினரோடு கோமா நகருக்கே சென்று கிளர்ச்சியாளர்களிடம் பேசினர். பழிச்சொல் வரும் என்பதற்காக அவர்கள் தயங்கவில்லை.

ஆகாபிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். நாபோத்து இறந்தார் என்று கேட்டதும், எப்படி இறந்தார் என்று அவன் கேட்கவில்லை. எழுந்து தோட்டத்தை உரிமையாக்கிக்கொள்ளச் சென்றான். நமது கையிலுள்ள கருவி எந்த மண்ணிலிருந்து, யாருடைய வியர்வையில் வந்தது என்று நாமும் கேட்பதில்லை. நல்ல நிலையிலுள்ள கைப்பேசியைப் புது வடிவத்துக்காக மாற்றாமல் இருப்பதும் நீதியின் செயலே. காங்கோ மக்களுக்காக மன்றாடுவோம். ஆகாபு கேட்காமல் விட்ட கேள்வியை நாமாவது கேட்போம்.