ஒழுங்கு நடவடிக்கையும் மனநலச் சான்றிதழும்

அரசு ஊழியர்களை அடக்கி வைக்க ஆளும் வர்க்கத்தின் கையில் எப்போதும் ஒரு சாட்டை இருந்து வந்துள்ளது. அதற்கு 'ஒழுங்கு' என்று பெயர். இப்போது அதனுடன் 'மனத்தகுதி' என்ற இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ரயில் மோதினால் ஓட்டுநரின் கவனத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். துணை ராணுவப் படை வீரர் தற்கொலை செய்துகொண்டால் அவருக்கு மனவலிமை போதவில்லை என்கிறார்கள். குறையைச் சுட்டிக்காட்டும் ஊழியரின் புத்தி பேதலித்து விட்டது என்கிறார்கள். மக்களின் பாதுகாப்பில் கொண்ட அக்கறையாகத் தோன்றும் இந்தப் பேச்சைத் தொழிற்சங்க இயக்கம் கூர்ந்து ஆராய வேண்டியுள்ளது. ஓர் ஊழியர் பணிக்குத் தகுதியானவரா என்பதை யார் தீர்மானிப்பது, எந்த நடைமுறைப்படி தீர்மானிப்பது, யாருடைய நலனுக்காகத் தீர்மானிப்பது என்பவையே இதில் அடங்கியுள்ள கேள்விகள்.

காலனிய ஆட்சி விட்டுச் சென்ற மிச்சம்

பிரிட்டிஷ் மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் ஊழியருக்கு வேலை என்பது காலனிய ஆட்சியின் கோட்பாடு. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனமும் 310ஆவது பிரிவில் அதைத் தக்கவைத்துக் கொண்டது. அதற்கு ஒரு கடிவாளமாக வந்ததுதான் 311ஆவது பிரிவு. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்காமல் எவரையும் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்று அது கூறுகிறது. ஆனால் அதே பிரிவிலேயே ஓட்டைகளும் உள்ளன. விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று அதிகாரி கருதினால் போதும்; அரசின் பாதுகாப்பு கருதி விசாரணை கூடாது என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால் போதும். ஊழியர் விசாரணையின்றி வீதிக்கு வந்துவிடுவார்.

இந்த ஓட்டைகளின் வரலாறு தொழிலாளி வர்க்கத்துக்கு நன்கு தெரியும். 1974 மே மாதத்தில் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் நடத்திய மகத்தான வேலைநிறுத்தத்தை நசுக்க, விசாரணையற்ற பணிநீக்கம் என்ற ஆயுதமே பயன்படுத்தப்பட்டது. துளசிராம் படேல் வழக்கில் 1985ல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்த ஆயுதத்துக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியது. 2003ல் தமிழ்நாட்டில் சுமார் 1.70 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிழந்தபோது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. ஜம்மு-காஷ்மீரில் 2021 முதல் 'அரசின் பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் நீக்கப்பட்டுள்ளனர். அவர்களின் பதிலைக் கேட்க எந்த விசாரணையும் நடைபெறவில்லை.

50 அல்லது 55 வயதைத் தாண்டியவர்களைப் 'பொதுநலன்' கருதி வீட்டுக்கு அனுப்ப அடிப்படை விதி 56(ஜே) இருக்கிறது. இந்த விதியின் கீழ் ஊழியர்களைத் தொடர்ந்து மறுஆய்வு செய்யும்படி 2020 ஆகஸ்டில் மோடி அரசு துறைகள் அனைத்துக்கும் உத்தரவிட்டது. மனத்தகுதி பற்றிய பேச்சு இந்தச் சூழலில்தான் எழுகிறது.

முகக்கவசம் கேட்டவர் மனநல மருத்துவமனையில்

2020 ஏப்ரல். கொரோனா பரவத் தொடங்கிய நேரம். ஆந்திரப் பிரதேசத்தின் நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய ஒரு தலித் மருத்துவர், தங்களுக்கு முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் போதுமான அளவில் தரப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். மே 16 அன்று விசாகப்பட்டினம் நெடுஞ்சாலையில், கைகள் பின்னால் கட்டப்பட்டு, காவலரால் தாக்கப்பட்டு, அவர் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. குடித்துவிட்டு ரகளை செய்தார் என்றது காவல்துறை. பிறகு அவர் அரசு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். உயர்நீதிமன்றம் தலையிட்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது; அதன் பிறகே, ஜூன் மாதத்தில், அவர் வெளியே வர முடிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மாரடைப்பால் இறந்தார்.

இந்த நிகழ்வுகளின் வரிசையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். முதலில் புகார், அடுத்து ஒழுங்கு நடவடிக்கை, அதற்கடுத்து மனநோயாளி என்ற முத்திரை. அவர் சொன்னது உண்மையா, மருத்துவமனையில் முகக்கவசம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி இந்த வரிசைக்குள் காணாமல் போனது. ஒரு மனிதரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இல்லாமல் போகிறது.

வெறுப்புக்குக் கிடைத்த கேடயம்

இதே முத்திரை வேறு விதமாகவும் பயன்பட்டதை 2023 ஜூலை 31 காட்டியது. ஜெய்ப்பூர்-மும்பை விரைவு ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் மேலதிகாரியையும் மூன்று இஸ்லாமியப் பயணிகளையும் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். சுடப்பட்டவரின் உடலருகே நின்று அவர் பேசிய வெறுப்பு அரசியல் காணொளியாக வெளியானது. ஆனால் அதிகாரிகளின் முதல் விளக்கங்கள் அவருடைய முன்கோபத்தையும் மனநிலையையும் பற்றியே இருந்தன. பெட்டி பெட்டியாகச் சென்று குறிப்பிட்ட மதத்தினரைத் தேர்ந்தெடுத்துச் சுடும் செயலுக்கு முன்கோபம் விளக்கமாகாது. ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் ஊட்டப்பட்ட மதவெறி நஞ்சு சீருடைக்குள்ளும் புகுந்திருக்கிறது என்ற உண்மையை மறைக்க அந்த விளக்கம் உதவியது.

நர்சிப்பட்டினத்தில் உரிமை கேட்ட குரல் நோயாக்கப்பட்டது. ரயிலில் மதவெறிக் கொலை நோயாக்கப்பட்டது. இரண்டிலும் அரசியலை மறைக்கும் திரையாகவே மனநலம் பயன்பட்டது. உண்மையிலேயே மனநோயால் அவதிப்படும் லட்சக்கணக்கான எளிய மக்களையும் இது இழிவுபடுத்துகிறது.

நோய் எங்கே உருவாகிறது?

ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த கணக்குப்படி, 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மத்திய ஆயுதப் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 654 பேர் தற்கொலை செய்துகொண்டுள்ளனர். மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் மட்டும் 230 பேர். எல்லைப் பாதுகாப்புப் படையில் 174 பேர். குடும்பப் பிரச்சினை, தனிப்பட்ட காரணம் என்று அரசு விளக்கம் தருகிறது. கிராமத்தில் நிலத்தகராறு நடக்கும்போதும், பெற்றோர் நோயில் கிடக்கும்போதும் விடுப்பு மறுக்கப்படுவது எப்படித் தனிப்பட்ட காரணமாகும்? ஒவ்வொரு வீரரும் ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்துடன் இருக்க வழி செய்யப்படும் என்று உள்துறை அமைச்சர் அறிவித்தார். அந்த அறிவிப்பு ஏட்டோடு நிற்கிறது. உழவர் வீட்டுப் பிள்ளைகளான இந்த வீரர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையும் இல்லை. குறையைச் சொன்னால் ஒழுங்கு மீறல்.

ரயில்வேயிலும் இதே நிலைதான். ரயில் ஓட்டுநர் பணிக்குத் தேர்வாகும்போதே உளவியல் தேர்வில் வெற்றி பெற வேண்டும். அப்படித் தேறி வந்தவரைத் தொடர்ச்சியான இரவுப் பணியிலும் நீண்ட நேரப் பணியிலும் ஈடுபடுத்தி, பிறகு தூக்கக் கலக்கம் அவருடைய குற்றம் என்கிறது நிர்வாகம். வாரத்தில் 46 மணி நேரத் தொடர் ஓய்வு கேட்டு 2024 ஜூன் முதல் தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் போராடியபோது அவர்களுக்குக் கிடைத்தவை குறிப்பாணைகளும் இடமாற்றங்களும்தான். அதே மாதம் 17ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே கஞ்சன்ஜங்கா விரைவு ரயில் மீது சரக்கு ரயில் மோதியது. சில மணி நேரத்துக்குள்ளேயே, இறந்துபோன சரக்கு ரயில் ஓட்டுநர் மீது ரயில்வே வாரியம் பழி சுமத்தியது. ஆனால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, தானியங்கி சிக்னல் பழுதானபோது தவறான அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டதையும், ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி தரப்படாததையும், பல மட்டங்களில் நேர்ந்த தவறுகளையும் வெளிக்கொணர்ந்தது. சிதைந்திருந்தது நிர்வாகமே என்பது அப்போது தெளிவாயிற்று.

சட்டம் சொல்வது என்ன?

அப்படியானால் மனநிலை பாதிக்கப்பட்டவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா, ரயிலை ஓட்டவிடலாமா என்று கேட்கப்படும். கூடாது. மக்களின் உயிர்ப் பாதுகாப்பில் தொழிலாளி வர்க்கத்துக்கு எந்த அதிகாரியை விடவும் அதிக அக்கறை உண்டு. அந்த ரயிலில் பயணம் செய்பவர்களும் உழைப்பாளிகளே. ஆனால் நோயுற்றவரை ஆபத்தான பணியிலிருந்து மாற்றுவது வேறு, அவரைத் தண்டிப்பது வேறு.

இந்த வேறுபாட்டை நாட்டின் சட்டமே ஏற்கிறது. ஒருவரின் அரசியல், சமூக, பொருளாதார நிலையை வைத்தோ, நிலவும் பணிசார்ந்த அல்லது அரசியல் மதிப்பீடுகளுக்கு அவர் இணங்காததை வைத்தோ மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலைக்கு உள்ளாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. மனநல பாதிப்புடையவர் மீது அந்த பாதிப்பு தொடர்பான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்றது. துப்பாக்கியைக் கையாள வேண்டியிராத பணியை அவருக்குத் தரலாம், ஆனால் ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் பாதுகாக்க வேண்டும் என்றது. மக்களின் பாதுகாப்பும் ஊழியரின் உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் ஒன்றிய அரசோ, அந்தத் தீர்ப்புக்கு நான்கு மாதம் முன்புதான், மத்திய ஆயுதப் படைகளின் போரிடும் பணியிடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்திருந்தது.

போராட வேண்டிய திசை

மனத்தகுதியை மதிப்பிடும் மருத்துவர் துறைத்தலைமையின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது. சுயேச்சையான மருத்துவக் குழு, ஊழியர் தேர்ந்தெடுக்கும் மருத்துவரின் கருத்துக்கு இடம், மேல்முறையீட்டு உரிமை, மருத்துவ விவரங்களின் ரகசியம் ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். புகாரோ போராட்டமோ நடந்த பின் அனுப்பப்படும் மனநலப் பரிசோதனை உத்தரவை, மறுவடிவில் வரும் பழிவாங்கலாகவே கருதி எதிர்க்க வேண்டும். சிகிச்சைக் காலம் பணிக்காலமாகக் கணக்கிடப்பட வேண்டும். விசாரணையற்ற பணிநீக்கமும் 56(ஜே) விதியின் தவறான பயன்பாடும் முடிவுக்கு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலிப் பணியிடங்களை நிரப்பாமல், வேலை நேரத்தைக் குறைக்காமல், விடுப்பை உறுதி செய்யாமல் மனநலம் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை என்பதைத் தொழிலாளர்களிடையே விளக்க வேண்டும்.

இயக்கத்துக்குள்ளும் ஆற்ற வேண்டிய பணி உண்டு. மனச்சோர்வில் தவிக்கும் சக ஊழியரைக் கேலி செய்யும் பழக்கமும், அவருடைய வழக்கு சங்கத்துக்குச் சுமை என்று ஒதுங்கும் போக்கும் பல இடங்களில் நீடிக்கின்றன. நிர்வாகம் அந்த ஊழியரைத் தனிமைப்படுத்துவதற்கு முன்பே சகாக்கள் தனிமைப்படுத்தி விடுகிறார்கள். சங்கக் கிளைகள் இதை மாற்ற வேண்டும். குறிப்பாணை வரும் நாளில் மட்டுமல்லாமல், ஒரு தோழர் வேலைக்கு வர இயலாமல் வீட்டில் முடங்கும் முதல் நாளிலேயே சங்கம் அவருடைய வாசலில் நிற்க வேண்டும்.