பொம்மைப் பிள்ளைப் பாடம்

சகோதரிகளே, வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிக்குப் போகுமுன் நானும் பயிற்சி வகுப்பில் இருந்தேன். சலவை இயந்திரம், ஸ்திரிக்கைப் பெட்டி, அறபுச் சொற்கள் என்று நாட்கள் போயின. அதெல்லாம் போன வீட்டிலும் பழகலாம். ஒரு பின்நேரம் டீச்சர் ரப்பர் பொம்மையொன்றைக் கொண்டுவந்தார். "பிள்ளை பெற்று வளர்த்த எங்களுக்கு இதுவா?" என்று சிலர் சிரித்தார்கள்.

டீச்சர் மூதூர் றிஸானா நபீக்கைப் பற்றிச் சொன்னார். 2005இல் சவூதி போனபோது அவருக்கு வயது 17, கடவுச்சீட்டில் 23. வீட்டு வேலைக்கென்று போனவரின் கையில் நாலு மாதக் குழந்தை. புட்டிப்பால் கொடுக்கையில் மூச்சுத் திணறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பால் கொடுக்கையில் பிள்ளையின் தலை உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் புரைக்கேறி அழவோ இருமவோ முடியாமற் போனால், தொண்டையைத் தடவிப் பயனில்லை. உதவிக்குக் கூப்பிட்டபடியே, முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் 5 தட்டு. சரிவராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்து. மாறி மாறி.

அன்றிரவு விடுதியில் எனது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை பார்ப்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விடிந்ததும் டீச்சரிடம் கொண்டுபோனேன்.