செபத்திற்கு விலைச்சீட்டா?

கனகதாரா தோத்திரத்தை நாள்தோறும் 108 தடவை சொன்னால் வீட்டில் பொன் குவியும் என்று யூரியூப்பில் கூவுகிறார்கள். கேட்கிறேன்: அத்தோத்திரம் பிறந்த கதையை இவர்கள் அறிவார்களா?

பிச்சை கேட்டு வந்த ஆதிசங்கரருக்குக் கொடுக்க ஓர் ஏழைப் பெண்ணிடம் நெல்லிக்கனி ஒன்றே இருந்தது. அதனையும் கொடுத்தாள். அவளுடைய வறுமை தீரவே சங்கரர் திருமகளைப் பாடினார் என்பது மரபு. தமக்கென அவர் எதுவும் கேட்டாரில்லை.

சைவ மரபும் இதுவே. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர் என்கிறது பெரியபுராணம். யாழ்ப்பாணத்தில் 1877இல் பஞ்சம் வாட்டியபோது, சைவத்தைத் தம் மூச்சாகக் கொண்ட ஆறுமுக நாவலர் செபமாலையோடு அமர்ந்துவிடவில்லை. கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார்.

வறியவர் தம் துயரை இறைவனிடம் முறையிடுவதை நான் பழிக்கவில்லை. அவர்களின் ஏக்கத்தைக் காசாக்கும் வணிகத்தையே கண்டிக்கிறேன். திருவைந்தெழுத்தில் சிகரம் சிவத்தையும் வகரம் அருளையும் யகரம் உயிரையும் நகரம் மறைப்பாற்றலையும் மகரம் மலத்தையும் குறிக்கும் என்பது சித்தாந்தம். மலப்பிடியினின்று நீங்கி உயிர் சிவத்தைச் சார்வதே செபத்தின் பயன். 'எனக்கு, எனக்கு' என்று எண்ணி எண்ணிச் செபிப்பவன் எதனை வளர்க்கிறான்? களைய வேண்டிய ஆணவ மலத்தையே அல்லவா?

செபியுங்கள், தவறில்லை. செபம் முடிந்து எழுந்ததும் அயல்வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பாருங்கள்.