ஆண்டின் சிறந்த வீடியோ கேம்: தீர்மானிப்பது தரமா, விதியா?

2025-ஆம் ஆண்டின் சிறந்த வீடியோ கேமாக, பிரான்ஸின் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய 'கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' தேர்வு செய்யப்பட்டது. டிசம்பர் 11-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் அது 9 விருதுகளைக் குவித்தது. ஆனால், அம்மாதம் முடிவதற்குள்ளாகவே, 'இண்டி கேம் அவார்ட்ஸ்' என்ற மற்றோர் அமைப்பு, அதே விளையாட்டுக்கு அறிவித்திருந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு, சிறந்த அறிமுகம் ஆகிய இரு விருதுகளையும் திரும்பப் பெற்றது.

உருவாக்கத்தில் செயற்கை நுண்ணறிவால் வரையப்பட்ட படங்கள் பயன்படுத்தப்பட்டதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. விளையாட்டு வெளியான பின் அப்படங்கள் நீக்கப்பட்டபோதிலும், அந்த அமைப்பின் விதி அதனை ஏற்கவில்லை. ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருது 'ப்ளூ பிரின்ஸ்' விளையாட்டுக்கு மாற்றப்பட்டது. ஒரே படைப்பு ஓர் அரங்கில் மகுடம் சூடியது. மற்றோர் அரங்கில் தகுதி இழந்தது. மாறியது விளையாட்டின் தரமன்று. அதனை அளந்த விதியே.

யார் வாக்களிக்கின்றனர் என்பதும் முடிவை மாற்றக்கூடியது. 2014-இல் தொடங்கப்பட்ட தி கேம் அவார்ட்ஸில், 100-க்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்களைக் கொண்ட நடுவர் குழுவே பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்கிறது. வெற்றியாளரைத் தேர்வு செய்வதில் அக்குழுவின் வாக்குக்கு 90 சதவீத மதிப்பும், பொதுமக்கள் வாக்குக்கு 10 சதவீத மதிப்பும் அளிக்கப்படுகின்றன.

இதன் விளைவு 2024-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. வெளியான சில நாள்களிலேயே 1 கோடி பிரதிகள் விற்பனையான சீனாவின் 'பிளாக் மித்: வுகாங்', முழுவதும் பொதுமக்கள் வாக்கால் முடிவாகும் பிரிவில் வென்றது. முதன்மை விருதோ 'ஆஸ்ட்ரோ பாட்' விளையாட்டுக்குச் சென்றது. அதே ஆண்டு, 'எல்டன் ரிங்' விளையாட்டின் விரிவாக்கப் பகுதி முதன்மை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் விவாதத்தைக் கிளப்பியது.

முடிவை முழுமையாக விளையாடுவோரிடமே விட்டுவிட வேண்டும் என்ற வாதம் ஏற்கத்தக்கதாகத் தோன்றலாம். ஆனால், ஒருவர் தாம் விளையாடியவற்றுக்கே வாக்களிப்பார் என்பதால், விற்பனையே வாக்காக மாறும் அபாயம் அதில் உள்ளது. அவ்வாறு நேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது சிறு நிறுவனங்களே.

புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி' 2020-இல் சிறந்த அறிமுகப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லும் 'வெண்பா', 2023-இல் இரு பிரிவுகளில் இடம்பெற்று, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விருதையும் வென்றது. பெரு நிறுவனங்களின் விளம்பர பலம் இல்லாத இவற்றை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்ததில் நடுவர் குழுக்களுக்குப் பங்குண்டு.

எனவே, நடுவர் குழுவை நீக்குவது தீர்வாகாது. செயற்கை நுண்ணறிவை எந்த அளவுக்கு அனுமதிப்பது, விரிவாக்கப் பகுதிகளைத் தனி விளையாட்டாகக் கருதலாமா என்பன பரிந்துரைக்கு முன்பே தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். விண்ணப்பங்களும் அப்போதே சரிபார்க்கப்பட வேண்டும். மேடையில் வழங்கிய விருதைப் பின்னர் திரும்பப் பெறுவது, பெற்றவரை மட்டுமன்றி வழங்கியவரின் நம்பகத்தன்மையையும் பாதிக்கும்.