குடியேறிய நகரின் நீரையும் நிலத்தையும் அறிவோம்

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, சென்னையின் தென்புறம் வளர்ந்த வேகம் அசாதாரணமானது. பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையானது. 2011இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகளும் நகரத்துக்குள் வந்தன. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தோர் இங்கே குடியேறினர். தாமிரபரணிக் கரையை விட்டுப் பிழைப்புக்காக இந்தப் பகுதிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன்.

புதிய நகரில் குடியேறும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்வது அலுவலகத்துக்குச் செல்லும் வழி, குழந்தைக்குப் பள்ளி, தண்ணீர் லாரிக்காரரின் கைபேசி எண் ஆகியவற்றைத்தான். தன் தெருவில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது, வீட்டுக்கு மிக அருகிலுள்ள ஏரி எது என்பவற்றை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சொந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த அறிவு கேட்காமலேயே வாய்த்துவிடுகிறது. எந்த வாய்க்கால் எந்தக் குளத்தை நிரப்பும், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பது அங்கே வீட்டுப் பேச்சு. பெருநகரில் இந்த அறிவு இல்லாமலேயே இலட்சக்கணக்கானோர் வாழ்ந்துவிட முடிகிறது, ஒரு பெருமழை பெய்யும்வரை.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்: தென்சென்னையில் இந்த அறியாமையின் விலையைக் காட்டும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சில பத்தாண்டுகளுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் அதிகமாகப் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் இந்த ஈரநிலம், இன்று அதன் சிறு பகுதியாகச் சுருங்கியிருக்கிறது. சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இந்த நீர்வழியில்தான் மாநகரின் குப்பைக் கிடங்கும், சாலைகளும், ரயில் நிலையங்களும், அரசு ஆராய்ச்சி நிறுவனங்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அமைந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தச் சுற்றுவட்டாரம் மூழ்கியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வந்தது.

2022இல் பள்ளிக்கரணையின் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், அறிவிப்புக்கும் நிலத்தில் எல்லை வகுப்பதற்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்தது. ஓர் ஈரநிலத்தைச் சுற்றியுள்ள எந்தெந்தச் செயல்பாடுகள் அதைப் பாதிக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு ‘தாக்க மண்டலம்’ வரையறுக்கப்பட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள். அந்தப் பணி முடியாத நிலையில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் தலையிட்டது. தாக்க மண்டலம் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும்வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கும் புதிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி தரக்கூடாது என்று அது உத்தரவிட்டது.

யார் மீது சுமை?: சதுப்பு நிலத்தைக் காக்க இந்த இடைக்காலத் தடை தேவை. அதே வேளையில், அதன் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை என்பதையும் மறைக்க முடியாது. பெருநிறுவனம் காத்திருக்கும், வழக்காடும். வங்கிக் கடனில் அரை மனை வாங்கி, வாடகையும் மாதத் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தால் காத்திருக்க முடியாது. அரசு அலுவலகத்தின் முத்திரையை நம்பி வாங்கியவரிடம் ‘சதுப்பு நிலத்தில் ஏன் வாங்கினாய்?’ என்று கேட்பது நியாயமில்லை. வாங்குவதற்கு முன் அந்த உண்மை அவருக்கு எங்கே எழுதிவைக்கப்பட்டிருந்தது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எனவே, முதல் தேவை தெளிவான எல்லை. எல்லாத் திசையிலும் ஒரே ஒரு கிலோமீட்டர் என்பது தற்காலிக அளவுகோல் மட்டுமே. நீர் வட்டம் போட்டு ஓடுவதில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு வரத்துக் கால்வாய் அடைபடுவது, அரை கிலோமீட்டர் தொலைவில் மேட்டு நிலத்தில் எழும் ஒரு வீட்டைவிட அதிகக் கேடு செய்யலாம். நீரோட்டத்தின் அடிப்படையில் மண்டலத்தை விரைந்து வரையறுப்பது சதுப்பு நிலத்துக்கும் நல்லது. சிறு மனைக்காரருக்கும் நல்லது. இரண்டாவது தேவை வெளிப்படைத்தன்மை. நிலத்தின் வில்லங்கச் சான்று கேட்பதைப் போலவே, அதன் வெள்ள வரலாற்றையும் அருகிலுள்ள நீர்நிலை எல்லையையும் வாங்குபவர் சர்வே எண்ணைக் கொண்டு அறிய வழி வேண்டும். பத்திரப் பதிவின்போதே அது இணைக்கப்பட வேண்டும்.

பார்த்தால்தான் பற்று வரும்: சட்டத்தால் மட்டும் ஓர் ஈரநிலம் பிழைத்துவிடாது. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியை வற்றச்செய்து உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ’ சாலை இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களில் உள்ள ‘தாங்கல்’ நீர்நிலையைக் குறிக்கும் சொல் என்பதை அங்கே வசிப்போரில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

இதற்கு நேர்மாறான சான்று வேடந்தாங்கல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த உழவர்கள், தலைமுறைகளாக அந்தப் பறவைகளைக் காத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளை வேட்டையாடுவதற்கு எதிராக ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணையும் பெற்றனர். சரணாலயம் என்னும் அரசுச் சொல் அங்கே வருவதற்கு வெகு முன்பே, ஊரார் அந்த ஏரியோடு உறவு கொண்டிருந்தனர்.

அத்தகைய உறவை நகரத்தில் குடியேறியவரும் வளர்த்துக்கொள்ள முடியும். ஜனவரி முதல் சில மாதங்களுக்கு, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் இரவுகளில், சென்னைக் கடற்கரையில் மாணவர் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்களோடு ஒருமுறை நடந்தவர், 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கிய செய்தியை வேறு கண்ணோடுதான் படித்திருப்பார். கிண்டியில் நகரின் நடுவே 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. பள்ளிக்கரணையில் குளிர்காலக் காலைகளில் பூநாரைகளையும் நீலத் தாழைக்கோழிகளையும் சாலையோரத்திலிருந்தே நான் பார்த்திருக்கிறேன். நுழைவுச்சீட்டோ மலைப்பயணமோ தேவைப்படவில்லை. ஆனால், நின்று பார்க்கப் பாதுகாப்பான நடைமேடை மிகக் குறைவு. வாகனங்கள் விரையும் சாலையில் குழந்தையுடன் நிற்பதே சாகசம்தான்.

அரசு செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சதுப்பு நிலத்தின் விளிம்பில், உள்ளே கான்கிரீட் கொட்டாமல், சில பார்வை மேடைகள் போதும். ஏரிகள்தோறும் அதன் பெயர், பரப்பு, நீர் வரும் வழி, போகும் வழி ஆகியவற்றைச் சொல்லும் பலகைகள் வேண்டும். அந்தந்தப் பகுதிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர்களைத் தங்கள் ஏரிக்கு அழைத்துச் செல்லலாம். குடியிருப்போர் நலச் சங்கங்கள் மழைக்காலத்துக்கு முன் தங்கள் பகுதி வடிகாலை அதன் கடைசிவரை நடந்து பார்க்கலாம்.

சென்னையின் நாளைய வாக்காளர்களில் பெரும் பங்கினர் இங்கே பிறக்காதவர்களாக இருப்பார்கள். வார்டு கூட்டத்தில் எழுந்து, ‘எங்கள் ஏரியின் மதகு எங்கே?’ என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், ஆக்கிரமிப்புகளுக்கு அனுமதி தருவது இப்போதுபோல எளிதாக இருக்காது. வாடகை ஒப்பந்தமும் ஆதார் முகவரியும் ஒருவரை ஒரு நகரின் குடியிருப்பாளர் ஆக்குகின்றன. அதன் நீரையும் நிலத்தையும் அறிந்து, அவற்றுக்காகக் கேள்வி கேட்கும்போதுதான் அவர் அந்த ஊர்க்காரர் ஆகிறார்.